போமட் அடிக்க முதல் இதைச் செய்து பாருங்கள்: பழைய கம்பியூட்டரில் பழுதான விண்டோஸ் கோப்புகளைத் திருத்துவது எப்படி?

திருகோணமலையில் ஒரு பழைய கம்பியூட்டர் வேலை காட்டத் தொடங்கி, அதைக் கடைக்குக் கொண்டுபோனால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "போமட் அடிச்சு விண்டோஸ் புதுசாப் போடுவம்." கடைக்காரருக்கு அது சுகமான வழி. ஆனால் அந்த மெஷினுக்குள் கல்யாண வீட்டுப் படங்கள், பிள்ளைகளின் ஓஎல் சான்றிதழ் ஸ்கான், பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கோயில் கணக்கு, கடிதங்கள் என்று வருடக்கணக்கான சாமான் கிடக்கும். அவற்றை பென் ட்ரைவில் ஏற்றி வைத்தாலும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைத் திரும்பப் போடாவிட்டால் அந்தக் கடிதங்களைத் திறக்கும்போது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். போமட் என்பது கடைசி வழி. அதற்கு முதல் வீட்டிலேயே, காசு செலவழிக்காமல் செய்துபார்க்க நிறைய இருக்கிறது.

இதில் எல்லாவற்றையும் விட முக்கியம் ஒழுங்கு. பெரும்பாலானவர்கள் செய்வது, பிழைச்செய்தி ஒன்று வந்தவுடனே விண்டோஸின் சொந்தக் கோப்புகளை (சிஸ்டம் கோப்புகளை) சரிபார்க்கும், எங்கேயோ பார்த்த எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டுவது, அது சரிவரவில்லை என்றால் திரும்பவும் ஓட்டுவது, பிறகு கைவிடுவது. பழைய மெஷினில் சிஸ்டம் கோப்பு சும்மா பழுதாவதில்லை. ஹார்ட் டிஸ்க் தேய்ந்திருக்கும், ரேம் பிழை விட்டிருக்கும், அல்லது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் திருத்தினால் சில நாளில் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

இது சிஸ்டம் கோப்புப் பிரச்சினைதானா?

ஸ்டார்ட் மெனு திறக்காமல் விடுவது, செட்டிங்ஸ் திறந்த கையோடு மூடுவது, அப்டேட் ஒவ்வொரு முறையும் இடையில் தோற்பது, நீலத்திரை, விண்டோஸோடு வந்த புரோகிராம்களே தாங்கள் ஓடத் தேவையான டிஎல்எல் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று சொல்வது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம். ஒரேயொரு புரோகிராம் மட்டும் அடம்பிடித்தால் முதலில் அதைக் கழற்றித் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

காணாமல்போன டிஎல்எல் கோப்பைத் தேடி, முன்பின் தெரியாத தளத்தில் இறக்கிக் கொண்டுவந்து விண்டோஸ் கோப்புறைக்குள் போடவே வேண்டாம். அது எந்தப் பதிப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. "ஒரே கிளிக்கில் எல்லாம் திருத்தும்" என்று காசு கேட்கும் மென்பொருள்களும் அப்படித்தான். விண்டோஸுக்குள் இருக்கும் கருவிகளே போதும்.

முதலில் சாமானைக் காப்பாற்றுங்கள்

எந்தத் திருத்தமும் தொடங்க முதல் படங்கள், ஆவணங்கள், டெஸ்க்டொப்பில் சிதறிக் கிடப்பவை எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கோ பெரிய பென்னுக்கோ எடுங்கள். அதோடு சீ ட்ரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையில் உங்கள் தமிழ் எழுத்துருக்களைத் தேடி அவற்றையும் தனியாகக் கொப்பி பண்ணுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் இருந்தால் அவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் திறக்கவே மாட்டேன் என்றால் வேறு ஒரு கம்பியூட்டரில் லினக்ஸ் மின்ட் அல்லது லுபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்னில் எழுதி, அந்தப் பென்னிலிருந்தே மெஷினை ஓட்டலாம். ஒன் பண்ணியவுடன் எஃப்12, எஃப்11, எஃப்8, எஸ்கேப் என்று தயாரிப்பாளருக்கு ஏற்ப ஒரு விசை, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவைத் தரும். இன்ஸ்டோல் பண்ணாமல் பென்னிலிருந்தே ஓடவிட்டால் உங்கள் ட்ரைவைத் திறந்து கோப்புகளை வெளியே எடுக்கலாம். விண்டோஸ் சரியாக மூடப்படாமல் இருந்தால் அந்த ட்ரைவ் வாசிக்க மட்டும் திறக்கும், எடுக்க அது போதும்.

பிறகு இரும்பைப் பாருங்கள்

நமது ஊர் கடல் சூழ்ந்த ஊர். திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோர வீடுகளில் ஜன்னல் கம்பி எவ்வளவு கெதியாகக் கறள் பிடிக்கும் என்று தெரியும்தானே, அதே உப்புக்காற்றுத்தான் கேசிங்குக்குள்ளும் போகிறது. வாடை காலத்தில் ஈரம், கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி. கம்பியூட்டரை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து ரேமை மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்கள். அதன் கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பட்டைகள் மங்கியோ புள்ளி விழுந்தோ இருந்தால், வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பும் சத்தத்தோடு பூட்டும்வரை அழுத்திப் போடுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரையும் ஒருமுறை கழற்றித் திரும்பச் செருகுங்கள். இந்த ஒரு வேலையாலேயே சரியாகிப்போகும் மெஷின்கள் இருக்கின்றன.

திறந்த கையோடு மதர்போர்டில் இருக்கும் வட்ட பட்டறியையும் பாருங்கள், சிஆர்2032 என்று அதன் மேலே எழுதியிருக்கும். அது செத்திருந்தால் ஒவ்வொரு முறை ஒன் பண்ணும்போதும் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடும். திகதி பிழைத்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ தெரியும், அப்டேட் வேலை செய்யாது, நாம் கீழே செய்யப்போகும் திருத்தமும் இணையத்திலிருந்து கோப்பு எடுக்க முடியாமல் தோற்கும். மணிக்கூட்டுக் கடையிலும் இந்தப் பட்டறி வாங்கலாம்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிலையைக் காட்டும். உள்ளே 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், சி5 வாசிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 திருத்தவே முடியாதவை. சி5, சி6 இல் பூச்சியம் தவிர வேறு எண் இருந்து, அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டும் போனால் இந்த வழிகாட்டியை இதோடு நிறுத்திவிட்டு வேறு டிஸ்க் வாங்குங்கள். பழைய மெஷினுக்கு சுழலும் தட்டு இல்லாத, ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி டிஸ்க் போதும், வேகத்திலும் பெரிய வித்தியாசம் தெரியும். சாகப்போகும் டிஸ்க்கில் மணிக்கணக்கான ஸ்கான் ஓட்டினால் அது இன்னும் கெதியாகச் சாகும்.

ரேமைச் சோதிக்க விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எம், டி, எஸ், சி, எச், ஈ, டி என்ற ஏழு எழுத்தையும் ஒட்டித் தட்டி என்டர் கொடுங்கள். கம்பியூட்டர் நின்று திரும்பத் தொடங்கி ரேமைச் சோதிக்கும். பிழை காட்டினால், இரண்டு ரேம் இருக்கும் மெஷினில் ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்துப் பழுதானதை எடுத்துவிடுங்கள். பழுதான ரேமோடு கோப்பு திருத்தவே கூடாது, திருத்திய கோப்பும் பிழையாகவே எழுதப்படலாம்.

வைரஸும் பார்க்க வேண்டும். கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கப் போய் வந்த பென் எதைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 10 இல் விண்டோஸ் செக்கியூரிட்டிக்குள் ஒஃப்லைன் ஸ்கான் என்று ஒன்று இருக்கிறது, அதை ஓட்டுங்கள்.

டிஸ்க்கின் ஒழுங்கைச் சரிபார்த்தல்

இனிக் கட்டளைகள். அவற்றை இங்கே உச்சரிப்பிலேயே தருகிறேன், வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ தம்பிக்கோ போனில் வாசித்துச் சொல்லவும் அதுதான் வசதி. தட்டுவது ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. / என்ற சாய்கோட்டுக்கு முதல் எப்போதும் ஓர் இடைவெளி, பின்னால் இடைவெளி இல்லை.

ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, வருவதை ரைட் கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுங்கள். அப்படித் திறக்காவிட்டால் கீழே உள்ள எதுவும் வேலை செய்யாது. கறுப்புப் பெட்டி வந்ததும்:

செக்டிஸ்க் சீ: /ஸ்கான்

செக்டிஸ்க் என்பது சி, எச், கே, டி, எஸ், கே என்ற ஆறு எழுத்து. விண்டோஸ் 8 முதல் இது வேலை செய்து கொண்டிருக்கும்போதே பார்க்கும். பிழை இருப்பதாகச் சொன்னால் /ஸ்கான் இருந்த இடத்தில் /எஃப் போட்டு, கேட்கும் கேள்விக்கு வை என்ற ஆங்கில எழுத்தைக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். /ஆர் என்பது டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் வாசித்துப் பார்க்கும், 500 ஜீபி பழைய டிஸ்க்கில் பல மணித்தியாலம் போகும். இடையில் கரண்ட் போனால் இருந்ததை விட மோசமாகலாம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், 2025 பெப்ரவரி 9 அன்று அறிவிப்பே இல்லாமல் நாடு முழுக்க இருண்டது. யூபிஎஸ் இல்லாத வீட்டில் மழையும் இடியுமான நாளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். மடிக்கணினி என்றால் பட்டறி நிறையட்டும்.

டிஐஎஸ்எம் முதல், எஸ்எஃப்சி பிறகு

ஏன் இந்த ஒழுங்கு? விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஒரு கோப்புறை இருக்கிறது. சிஸ்டம் கோப்புகளின் நல்ல பிரதிகள் இருக்கும் களஞ்சியம் அது. எஸ்எஃப்சி செய்வது, ஓடும் கோப்பைச் சரிபார்த்து, பழுதானால் இந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்து மாற்றுவது. களஞ்சிய அரிசியே பழுதென்றால் எத்தனை முறை உலை வைத்தும் பயனில்லை. களஞ்சியத்தைத் திருத்துவது டிஐஎஸ்எம். அதனால்தான் மைக்ரோசொஃப்டும் முதலில் அதை ஓட்டச் சொல்கிறது.

டிஐஎஸ்எம் /ஒன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்

முதல் சொல் டி, ஐ, எஸ், எம். கிளீனப், இமேஜ் இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறுகோடு, இடைவெளி இல்லை. ரெஸ்டோர்ஹெல்த் ஒட்டியே எழுத வேண்டும். இணையம் இணைந்திருக்க வேண்டும், தேவையான கோப்புகளை அது விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடுக்கும். போன் ஹொட்ஸ்பொட்டில் செய்கிறீர்கள் என்றால் இரவு டேட்டா நேரத்தில் ஓட்டுவது நல்லது.

சதவீதக் கோடு மெதுவாக நகரும். 62.3 இல் வந்து கனநேரம் அசையாமல் நிற்கும், இது பல மெஷின்களில் நடப்பதுதான், செத்துப்போனது என்று நினைத்து மூட வேண்டாம். கேசிங்கில் ஹார்ட் டிஸ்க் லைட் சிமிட்டிக்கொண்டிருந்தால் அது வேலை செய்கிறது. தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், பழைய டிஸ்க்கில் ஒரு மணித்தியாலம் போனாலும் ஆச்சரியமில்லை. "ரெஸ்டோர் ஒப்பரேஷன் கம்ப்ளீட்டட் சக்சஸ்ஃபுல்லி" என்று வந்தால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அப்புறம்:

எஸ்எஃப்சி /ஸ்கான்நவ்

ஸ்கான்நவ் ஒரே சொல், நடுவில் இரண்டு என். 100 சதவீதம் வரும்வரை பெட்டியை மூடாதீர்கள்.

அது சொல்லும் பதிலை வாசியுங்கள்

"டிட் நொட் ஃபைண்ட் எனி இன்டெக்ரிட்டி வயலேஷன்ஸ்" என்றால் கோப்புகள் சரி, உங்கள் பிரச்சினை ட்ரைவரிலோ ஒரு புரோகிராமிலோ இருக்கலாம். "சக்சஸ்ஃபுல்லி ரிப்பேர்ட்" என்றால் திருத்தியாயிற்று, ரீஸ்டார்ட் செய்து இன்னொரு முறை ஓட்டி உறுதிப்படுத்துங்கள். "அனேபிள் டு ஃபிக்ஸ் சம்" என்றால் சிலது மிச்சம். "குட் நொட் பெர்ஃபோர்ம்" என்றால் சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறையில், போய் ஓட்ட வேண்டும். திருத்தும் சேவையைத் தொடங்க முடியவில்லை என்று வந்தால், சேர்விசஸ் பட்டியலில் விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர் என்பது டிசேபிள் ஆகியிருக்கும், அதை மனுவல் ஆக்குங்கள். ஏற்கெனவே ஒரு திருத்தம் காத்திருக்கிறது என்று சொன்னால் வெறும் ரீஸ்டார்ட் போதும்.

மிச்சம் இருக்கும் கோப்பு எது என்று பார்க்காமல் பயப்படக் கூடாது. விண்டோஸ் கோப்புறைக்குள் லொக்ஸ், அதற்குள் சிபிஎஸ், அதற்குள் சிபிஎஸ் என்ற பெயரிலேயே ஒரு பதிவுக் கோப்பு இருக்கும். அதை டெஸ்க்டொப்புக்குக் கொப்பி பண்ணி நோட்பேடில் திறந்து, சதுர அடைப்புக்குள் எஸ்ஆர் என்ற இரண்டு எழுத்தைத் தேடுங்கள். எஸ்எஃப்சி எழுதும் வரிகள் எல்லாவற்றிலும் அந்த அடையாளம் இருக்கும். கீழே போகப் போக "கனொட் ரிப்பேர் மெம்பர் ஃபைல்" என்று வரும் வரியில், மேற்கோள் குறிக்குள் பழுதான கோப்பின் பெயர் இருக்கும். 2019 ஜூலையில் விண்டோஸ் டிஃபென்டரின் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு, நல்ல மெஷின்களிலும் டிஃபென்டரின் சில பவர்ஷெல் கோப்புகளைப் பழுதென்று எஸ்எஃப்சி காட்டியது. இப்படி முக்கியமில்லாத ஒரு கோப்புக்காக முழு மெஷினையும் போமட் அடிப்பது அநியாயம்.

டிஐஎஸ்எம் தோற்றால்

0x800f081f என்ற பிழை வந்தால், தேவையான கோப்பை அதனால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். முதலில் திகதியும் இணையமும் சரியா என்று பாருங்கள். சரியென்றால் நீங்களே கோப்பைக் கொடுக்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து உங்கள் பதிப்புக்குரிய விண்டோஸ் ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டோல் டிஸ்க் முழுவதும் ஒரே கோப்பாக இருப்பதை, எடுங்கள். 64 பிட் விண்டோஸ் 10 என்றால் 5 ஜீபிக்கு மேல் வரும், டேட்டா இல்லாதவர்கள் நண்பரிடம் எடுக்கலாம், ஆனால் பென் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜீபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றியிருக்க வேண்டும். ஐஎஸ்ஓவை இரட்டைக் கிளிக் செய்தால் புதிய ட்ரைவாகத் திறக்கும். அது ஈ ட்ரைவ் என்று வைத்துக்கொண்டால்:

டிஐஎஸ்எம் /ஒன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த் /சோர்ஸ்:விம்:ஈ:\சோர்ஸஸ்\இன்ஸ்டோல்.விம்:1 /லிமிட்அக்சஸ்

கடைசியில் உள்ள 1, அந்தக் கோப்புக்குள் இருக்கும் பதிப்புகளில் எத்தனையாவது என்பதைக் குறிக்கும். ஹோம், ப்ரோ என்று பல இருக்கும், உங்களுடையது எதுவோ அந்த எண்ணைப் போட வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள:

டிஐஎஸ்எம் /கெட்-விம்இன்ஃபோ /விம்ஃபைல்:ஈ:\சோர்ஸஸ்\இன்ஸ்டோல்.விம்

உள்ளே விம்முக்குப் பதில் இஎஸ்டி என்று முடியும் கோப்பு இருந்தால், விம்: என்ற இடத்திலும் .விம் என்ற இடத்திலும் இஎஸ்டி என்று மாற்றுங்கள்.

விண்டோஸ் திறக்கவே இல்லையென்றால்

லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிற்பாட்டுவதை அடுத்தடுத்துச் செய்தால், மூன்றாவது முறை அளவில் மீட்புத் திரை வரும். டிஸ்க் நல்லது என்று தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்று போங்கள். இங்கே ட்ரைவ் எழுத்து மாறியிருக்கலாம், வழக்கமான சீ இப்போது டீ ஆகியிருக்கும். டிஐஆர் என்று தட்டி இடைவெளி விட்டு டீ: கொடுத்து, விண்டோஸ் கோப்புறை எதற்குள் தெரிகிறது என்று பார்த்துவிட்டு:

எஸ்எஃப்சி /ஸ்கான்நவ் /ஒஃப்பூட்டிர்=டீ:\ /ஒஃப்விண்டிர்=டீ:\விண்டோஸ்

ஒஃப்பூட்டிர் என்பது ஓ, எஃப், எஃப், பிறகு பூட், பிறகு டி, ஐ, ஆர். மற்றதும் அப்படியே, பூட் இருந்த இடத்தில் வின்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 7 இல் ரெஸ்டோர்ஹெல்த் வேலை செய்யாது. எஸ்எஃப்சி மட்டும்தான், அது போதாவிட்டால் சிஸ்டம் அப்டேட் ரெடினஸ் டூல் என்ற மைக்ரோசொஃப்ட் கருவி, அதுவும் போதாவிட்டால் சேர்விஸ் பெக் 1 உள்ள இன்ஸ்டோல் டிஸ்க்கால் விண்டோஸை மேலாலே திரும்பப் போடுவது. 2020 ஜனவரி 14 உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் அதில் நாள்கணக்காக மினக்கெடுவதை விடக் கோப்புகளை எடுத்துவிட்டு விண்டோஸ் 10 அல்லது ஒரு இலகுவான லினக்ஸுக்கு மாறுவதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். விண்டோஸ் 10 இன் வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது, நீட்டிப்புக்குப் பதிந்தவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

போமட்டுக்கு முதல் கடைசிப் படி

எல்லாம் செய்தும் சரிவரவில்லை என்றால், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஐஎஸ்ஓவைத் திறந்து செட்டப் என்பதை ஓட்டுங்கள். இது விண்டோஸை மேலாலே திரும்பப் போடும், படம், கடிதம், புரோகிராம், பாமினி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். சீ ட்ரைவில் 20 ஜீபிக்கு மேல் இடம் வேண்டும். நடுவில் எதை வைத்திருப்பது என்று கேட்கும் திரையில் "கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அன்ட் அப்ஸ்" என்பது தெரிவாகியிருக்க வேண்டும். அது மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஐஎஸ்ஓவின் மொழியோ பதிப்போ உங்களுடையதோடு பொருந்தவில்லை, தொடர்ந்தால் புரோகிராம்கள் எல்லாம் போய்விடும்.

சரியாகி வந்த பிறகு, அன்றைக்கே சிஸ்டம் ப்ரொடெக்ஷனைத் திறந்து சீ ட்ரைவுக்கு ஒன் பண்ணி, பிறகு பிழைத்தால் திரும்பிப் போக ஒரு ரெஸ்டோர் பொயின்ட் வையுங்கள், விண்டோஸ் 10 இல் பல மெஷின்களில் அது ஓஃப் ஆகவே இருக்கும். கேசிங் நிலத்தில் இருந்தால் மேசைக்கு ஏற்றுங்கள். காசு கிடைக்கும்போது முதலில் வாங்க வேண்டியது 650 விஏ அளவில் ஒரு யூபிஎஸ். வேலையைச் சேமித்து ஒழுங்காக ஷட்டவுன் பண்ண அது தரும் சில நிமிடம் போதும். அதன் பட்டறி சில வருடத்தில் இறங்கிவிடும், அதனால் இடைக்கிடை சுவர் பிளக்கைக் கழற்றி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.